ஈரம் காயாத விளையாட்டு

விருத்தாசலத்துப் பீங்கான் பொம்மைப் பட்டறை ஒன்றில், பலகையில் வரிசையாக நின்ற பிள்ளையார்களில் ஒருவரைத் தூக்கி அங்கே வேலை செய்யும் அக்கா தன் கன்னத்தோடு ஒட்டி வைத்துக்கொண்டார். குழந்தையைக் கொஞ்சுவது போலத்தான் இருந்தது. ஒரு நொடிதான். "இன்னும் ஜில்லுன்னு இருக்காரு. ரெண்டு நாள் போவட்டும்" என்று மறுபடி பலகையிலேயே நிறுத்தினார்.

என்னுடன் வந்திருந்த என் அக்கா மகனுக்கு இதில் நாட்டமில்லை. நல்லூரிலிருந்து பஸ் ஏறியதிலிருந்து அவனுக்கு ஒரே கேள்விதான். முந்தின வாரம் பார்த்த படத்தின் பெயரிலேயே ஒரு வீடியோ கேம் வந்திருக்கிறது. "படம் செம்ம மாமா. அப்போ கேமும் நல்லாத்தானே இருக்கும்? வாங்கலாமா?" விலை ஐயாயிரம் ரூபாய்க்குப் பக்கம். அவனுடைய பொங்கல் காசு, பிறந்தநாள் காசு எல்லாம் சேர்த்தாலும் மீதியை நான்தான் போடவேண்டும் என்பது சொல்லாமலே தெரிந்தது.

கன்னத்தில் வைத்துப் பார்த்த அந்த ஒரு நொடியில் அவன் கேள்விக்குப் பாதிப் பதில் இருக்கிறது என்று பிறகுதான் எனக்குத் தோன்றியது.

கன்னம் சொல்லும் கணக்கு

சுடாத மண் பொருளைப் பச்சை என்பது வழக்கம். பார்வைக்கு அது வெள்ளையாக, கல்லு மாதிரி, நன்றாகக் காய்ந்தது போலவே இருக்கும். கண்ணை ஏமாற்றிவிடும். கன்னத்தை ஏமாற்ற முடியாது. உள்ளே ஈரம் இருந்தால் அது ஓயாமல் மேற்பரப்புக்கு வந்து ஆவியாகிக்கொண்டே இருக்கும். ஒரு கிராம் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 1 கலோரி போதும். அதே ஒரு கிராமை ஆவியாக்க ஏறக்குறைய 580 கலோரி வேண்டும். அந்த வெப்பத்தைப் பொம்மை தன்னிடமிருந்தும் தன்னைத் தொடுகிற கன்னத்திடமிருந்தும் எடுத்துக்கொள்கிறது. அதனால்தான் ஜில்லிப்பு. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே கணக்கில்தான்.

ஈரத்தோடு சூளைக்குள் போனால் என்ன ஆகும்? ஒரு லிட்டர் தண்ணீர் கொதித்து ஆவியாகும்போது சுமார் 1,600 லிட்டர் இடம் கேட்கும். மண்ணின் நுண்துளைகள் வழியே அவ்வளவு நீராவியும் மெதுவாக வெளியேறினால் சரி. சூடு வேகமாக ஏறினால் வழி கிடைக்காத ஆவி பொம்மையை உள்ளிருந்தே வெடிக்கவைக்கும். அதற்குத் தப்பினாலும் இன்னொரு ஆபத்து உண்டு. களிமண் என்பது நுண்ணோக்கியில் பார்த்தால் சின்னச் சின்னத் தகடுகள். தகடுகளுக்கு நடுவே தண்ணீர். தண்ணீர் போகப்போகத் தகடுகள் நெருங்குகின்றன, பொம்மை சுருங்குகிறது. காது மெல்லியது, சீக்கிரம் காயும். தொப்பை கனமானது, மெதுவாகக் காயும். காது சுருங்கிவிட்ட பிறகும் தொப்பை சுருங்காமல் நின்றால் இரண்டுக்கும் இழுபறி. அந்த இடத்தில் மயிரிழை விரிசல் விழும். அது அப்போது கண்ணில் படாது. சூளையில் 573 டிகிரியில், மண்ணில் கலந்திருக்கும் குவார்ட்ஸ் படிகம் தன் அமைப்பை மாற்றிக்கொண்டு சட்டென்று உப்பும்போதும், சூளை ஆறுகையில் அதே 573-ஐ மறுபடி கடந்து சுருங்கும்போதும், விரிசல் வாயைத் திறக்கும். தப்பு நடந்தது காயவைத்த பலகையில். தெரியவந்தது சூளையைத் திறந்த அன்று.

இதை மனதில் வைத்துக்கொண்டு, உலகத்திலேயே அதிகமாகத் திட்டு வாங்கிய சினிமா கேமின் கதைக்குப் போகலாம்.

ஐந்து வாரப் பொம்மை

1982 ஜூனில் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் 'ஈ.டி.' படம் வெளியானது. வேற்றுக்கிரகத்திலிருந்து வந்து வழிதவறிய ஒரு ஜீவனும் அதை ஒளித்துவைத்துக் காப்பாற்றும் சிறுவனும். உலகமே கொண்டாடியது. அன்றைக்கு வீடியோ கேம் என்றாலே அமெரிக்காவில் அட்டாரி நிறுவனம்தான். படத்தின் உரிமையை வாங்கப் பேச்சுவார்த்தை இழுத்துக்கொண்டே போய், ஜூலை கடைசியில்தான் முடிந்தது. கிறிஸ்துமஸ் விற்பனைக்குக் கடையில் கேசட் இருக்கவேண்டும். தொழிற்சாலைக்குப் போகவேண்டிய நாளிலிருந்து பின்னோக்கி எண்ணிப் பார்த்தால், செப்டம்பர் 1-க்குள் கேம் எழுதி முடித்தாகவேண்டும். வழக்கமாகப் பல மாதங்கள் பிடிக்கும் வேலைக்குக் கையிலிருந்தது ஐந்து வாரம்.

ஹோவர்ட் ஸ்காட் வார்ஷா என்ற நிரலாளர் ஒப்புக்கொண்டார். அவர் கத்துக்குட்டி இல்லை. 'யார்ஸ் ரிவெஞ்ச்' என்று அதற்கு முன் அவர் எழுதிய கேம் இன்றும் பாராட்டப்படுகிறது. வீட்டிலேயே ஒரு கணினியை நிறுவிக்கொண்டு, இரவு பகல் பாராமல் தனி ஆளாக எழுதினார்.

அவர் எதன் மேல் எழுதினார் என்பதைத் தெரிந்துகொண்டால்தான் அந்த ஐந்து வாரம் எவ்வளவு கொடுமை என்று புரியும். அட்டாரி 2600 இயந்திரத்தின் நினைவகம் மொத்தமே 128 பைட். நம் எழுத்தில் அளந்து பார்ப்போம். இன்றைய கணினியில், யூனிகோடு முறைப்படி, ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட் தேவை. 'நல்லூர்' என்ற சொல்லில் புள்ளி, துணைக்குறி எல்லாம் சேர்த்து 7 குறியீடுகள், ஆக 21 பைட். இடைவெளியே விடாமல் ஆறு முறை 'நல்லூர்' என்று எழுதினால் 126 பைட். மிச்சம் 2. அவ்வளவுதான் அந்த இயந்திரத்தின் ஞாபகசக்தி! கதாநாயகன் எங்கே நிற்கிறான், துரத்துகிறவன் எங்கே வருகிறான், புள்ளி எத்தனை, எல்லாவற்றையும் அந்த ஆறு நல்லூருக்குள் அடக்கியாக வேண்டும்.

இதில் இன்னும் பெரிய வேடிக்கை, திரையில் தெரியும் படத்துக்கு அந்த நினைவகத்தில் இடமே கிடையாது. இன்றைய போன் ஒரு முழுப் படத்தையும் நினைவகத்தில் வரைந்துவைத்துவிட்டுத் திரைக்கு அனுப்புகிறது. அட்டாரியில் அதற்கு வழியில்லை. பழைய டிவியில் எலக்ட்ரான் கற்றை இடமிருந்து வலமாக ஒவ்வொரு கோடாக, மேலிருந்து கீழாகத் திரையைத் துடைத்துக்கொண்டு வரும். ஒரு கோட்டைப் போட அது எடுத்துக்கொள்ளும் நேரத்தில் அட்டாரியின் செயலி 76 முறை துடிக்கும். ஒரு கட்டளைக்கு இரண்டிலிருந்து ஏழு துடிப்பு வரை செலவாகும் என்பதால், இருபது இருபத்தைந்து கட்டளைகளுக்குள் 'இந்தக் கோட்டில் எங்கே என்ன நிறம்' என்று சொல்லி முடிக்கவேண்டும். கொஞ்சம் தாமதித்தாலும் கற்றை அந்த இடத்தைத் தாண்டிப் போயிருக்கும். வாசலில் கோலம் போடுகிறவர் கைக்கு முன்னால் ஓடி ஓடிப் புள்ளி வைத்துக்கொண்டே போவதற்குச் சமம்.

வார்ஷா அதையும் செய்தார். செப்டம்பர் 1-க்குள் கேம் தயார். அதில் ஈ.டி. குழிகளில் விழுந்து எழுந்து, தன் கிரகத்துக்குப் பேசுவதற்கான போனின் துண்டுகளைத் தேடவேண்டும். பிரச்சினை அந்தக் குழிதான். திரையில் ஈ.டி.யின் உருவத்தில் எந்தப் புள்ளி குழியின் மேல் பட்டாலும் நிரல் அதை 'விழுந்துவிட்டான்' என்று எடுத்துக்கொண்டது. பார்க்கிறவன் கண்ணுக்குக் கால் தரையில்தான் இருக்கிறது. தலை மட்டும் பின்னாலிருக்கும் குழியின் ஓரத்தை மறைக்கிறது. ஆனாலும் விழுவான். கஷ்டப்பட்டு ஏறி வந்தால் வந்த கையோடு மறுபடி விழுவான். எட்டு வயதுப் பிள்ளைகள் அழுதார்கள், எரிச்சலடைந்தார்கள், கேசட்டைத் தூக்கிப் போட்டார்கள்.

முப்பது வருடம் கழித்து ஓர் ஆர்வலர் அந்த நிரலைப் பிரித்துப் பார்த்து, சில பைட்களை மட்டும் மாற்றி, காலடி பட்டால்தான் விழுவது என்று திருத்திக் காட்டினார். கேம் சட்டென்று ஆடத்தக்கதாக ஆகிவிட்டது. விரிசல் மயிரிழைதான். நாலு பிள்ளைகளிடம் கொடுத்து ஆடவிட்டுப் பார்க்க இரண்டு வாரம் இருந்திருந்தால் அப்போதே கண்டுபிடித்திருக்கலாம். கன்னத்தில் வைத்துப் பார்க்க நேரமில்லை.

சுமார் 40 லட்சம் கேசட் செய்யப்பட்டதாகச் சொல்வார்கள். சுமார் 15 லட்சம் விற்றதாகக் கணக்கு. அது சின்ன எண்ணிக்கை இல்லை, ஆனால் செய்ததற்கும் உரிமைக்குக் கொட்டிய கோடிகளுக்கும் முன்னால் ஒன்றுமே இல்லை. 1983 செப்டம்பரில் அட்டாரி தன் விற்காத சரக்கை லாரிகளில் ஏற்றி, நியூ மெக்சிகோ மாநிலத்து அலமொகோர்டோ ஊரின் குப்பைக் கிடங்கில் புதைத்து மேலே கான்கிரீட் கொட்டியது. நெடுங்காலம் இது கட்டுக்கதை என்றே பலரும் நினைத்தார்கள். 2014 ஏப்ரல் 26 அன்று தோண்டிப் பார்த்தார்கள். நசுங்கிய அட்டைப்பெட்டியோடு ஈ.டி. வெளியே வந்தான். ஏறத்தாழ 1,300 கேசட்டுகளை எடுத்தார்கள். ஒன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குப் போனது. பல ஏலத்தில் போய், ஒரு லட்சம் டாலருக்கு மேல் வசூலானது. மண்ணுக்குள் போனபின் விலை ஏறியது!

இந்த ஒரு கேம்தான் அட்டாரியைக் கவிழ்த்தது என்பது மிகை. கடைகளில் அப்போது கண்டவர்களெல்லாம் செய்த கேசட்டுகள் குவிந்து, அந்தத் தொழில் முழுவதுமே சரிந்துகொண்டிருந்தது. ஆனால் சினிமா கேம் ஏன் அடிக்கடி சொதப்புகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் இல்லை. படத்தின் ரிலீஸ் தேதியும் பண்டிகை விற்பனையும் கல்லில் பொறித்தவை. கேமுக்குத் தேவையான காலம் அவற்றுக்கு நடுவே நசுங்குகிறது.

படத்தை அப்படியே கேமில் ஊற்ற முடியாதா?

மருமகனும் இதைத்தான் கேட்டான். "இப்பல்லாம் படமே கம்ப்யூட்டர்லதானே எடுக்கறாங்க. அந்த பொம்மையை எடுத்து அப்படியே கேம்ல போட்டா ஆச்சு?"

நம்மூர் உதாரணமே இருக்கிறது. 2014 மே மாதம் வந்த 'கோச்சடையான்', நடிகர்களின் உடலசைவைக் கருவிகளால் பதிவுசெய்து கணினி உருவங்களுக்குப் பூட்டிய படம். ரஜினிகாந்தின் உருவம் முழுக்க முழுக்கக் கணினிக்குள் இருந்தது. அதே மாதம் அந்தப் படத்தின் பெயரில் ஒரு மொபைல் கேமும் வந்தது. ஆனாலும் திரையில் பார்த்த உருவத்தைக் கேமுக்குள் அப்படியே இறக்கிவிட முடியாது. காரணம், நேரம்.

சினிமாவுக்கு ஒரு நொடிக்கு 24 படம். கணினியில் செய்யும் படத்தில் அந்த 24-இல் ஒன்றே ஒன்றை உருவாக்க, தோலில் விழும் ஒளி, முடியின் நிழல் எல்லாம் கணக்கிட, மணிக்கணக்கில் ஆகலாம். ஆனால் என்ன? இரவெல்லாம் பல கணினிகள் ஓடட்டும், பார்வையாளர் பார்க்கப்போவது ஆறு மாதம் கழித்துத்தான். கேமில் அந்தச் சலுகை இல்லை. ஆடுகிறவன் எந்தப் பட்டனை எப்போது அமுக்குவான் என்று யாருக்கும் தெரியாது. அவன் அமுக்கிய பிறகுதான் அடுத்த படத்தை வரையவேண்டும். நொடிக்கு 60 படம் என்றால் ஒரு படத்துக்குக் கிடைப்பது 16.7 மில்லி நொடி. கண்ணிமைக்கும் நேரம் ஒரு மாத்திரை என்று இலக்கணத்தில் படித்திருக்கிறோம், 'அ' என்ற குறிலைச் சொல்ல ஆகும் நேரம். நீங்கள் 'அ' சொல்லி முடிப்பதற்குள் அந்த இயந்திரம் ஐந்தாறு முழுப் படங்களை வரைந்து முடித்திருக்கவேண்டும்.

அதனால் படத்துக்குச் செய்த பத்தாயிரம் நுணுக்கங்கள் கேமுக்குப் பாரம். எல்லாவற்றையும் செதுக்கிக் குறைத்து, மறுபடி புதிதாகச் செய்கிறார்கள். பெயரும் முகமும் படத்திலிருந்து கிடைக்கும், உழைப்பு தொடக்கத்திலிருந்து.

ஒரே அச்சு, வேறு வண்ணம்

பீங்கான் பொம்மையைப் பெரும்பாலும் கையால் பிடிப்பதில்லை. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சுக்குள் களிமண் குழம்பை ஊற்றுகிறார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்ச, ஓரத்தில் மண் கெட்டிப்படுகிறது. போதுமான கனம் வந்ததும் மீதிக் குழம்பைக் கவிழ்த்துவிட்டால் உள்ளே கூடான பொம்மை நிற்கும். நேரம் குறைவாக இருக்கும்போது புது அச்சு செய்ய முடியாது. இருக்கிற அச்சில் ஊற்றி, வண்ணத்தை மாற்றிவிடலாம்.

சினிமா கேம்களில் நடப்பதும் பெரும்பாலும் இதுதான். 2013-இல் 'தூம் 3' இந்திப் படத்துக்குக் கர்நாடகத்து உடுப்பியின் 99கேம்ஸ் நிறுவனம் செய்த மொபைல் கேம், முடிவில்லாமல் ஓடிக்கொண்டே இருக்கும் வகை. அந்த வகை அப்போது உலகெங்கும் பழகிய அச்சு, அதில் படத்தின் பைக் ஏறியது. 2017-இல் 'பாகுபலி'க்குப் பெங்களூரின் மூன்ஃபிராக் செய்தது, கோட்டை கட்டி எதிரியைத் தடுக்கும் வகை. அதுவும் முன்பே பிரபலமான அச்சுதான். பழகிய அச்சு என்பதாலேயே மோசம் என்று சொல்லமாட்டேன். நன்கு பழகிய அச்சில் விரிசல் குறைவு. அவை இலவசமாகவும் கிடைத்தன. ஆனால் இலவச கேமில் 'வாங்கலாமா' என்ற கேள்வி கடையில் எழுவதில்லை, நடு ஆட்டத்தில் எழுகிறது: இன்னும் எட்டு மணி நேரம் காத்திரு, அல்லது காசு கொடு.

கஜினியின் கதை எனக்கு வேறு காரணத்துக்காக ஞாபகம் வரும். ஏ.ஆர். முருகதாஸ் 2005-இல் சூர்யாவை வைத்துத் தமிழில் எடுத்தார். 2008 டிசம்பரில் ஆமிர் கானை வைத்து இந்தியில். இந்திப் படத்தையொட்டி ஹைதராபாத்தின் எஃப்எக்ஸ்லேப்ஸ் ஒரு கம்ப்யூட்டர் கேமைக் கொண்டுவந்தது. இந்தியாவில் முப்பரிமாண கேம் செய்வதே அபூர்வமான காலம். அந்தத் துணிச்சலைக் குறைத்துப் பேசக்கூடாது. ஆனால் அது அடிதடி கேமாக வந்தது. அந்தக் கதையின் உயிர் அடிதடியிலா இருக்கிறது? பதினைந்து நிமிடத்துக்கு மேல் எதுவும் நினைவில் நிற்காத ஒருவன், போட்டோவிலும் தன் உடம்பில் குத்திய பச்சையிலும் தன் வாழ்க்கையைப் படித்துப் பழிவாங்கப் போகிறான். ஆடுகிற நமக்கே பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை வரைபடம் அழிந்துபோய், எழுதிவைத்த குறிப்பு மட்டும் மிஞ்சினால் எப்படி இருக்கும்! அது வேறு எந்தப் படத்துக்கும் பொருந்தாத கேமாக இருந்திருக்கும். அதற்குப் புது அச்சு வேண்டும். புது அச்சுக்குக் காலம் வேண்டும்.

2011 தீபாவளிக்கு வந்த ஷாருக் கானின் 'ரா.ஒன்', கேமுக்குள்ளிருந்து வில்லன் வெளியே வரும் கதை. அதற்கும் அதே மாதத்திலேயே பிளேஸ்டேஷன் கேம் வந்தது, 2000-இல் பிறந்த பழைய பிளேஸ்டேஷன் 2-இலும் ஓடும்படி. கேமைப் பற்றிய படத்துக்கே கேம் படத்தின் தேதிக்குத்தான் வரவேண்டியிருந்தது.

காய்ந்த பொம்மைகள்

அப்படியானால் சினிமா கேம் என்றாலே தள்ளிவிடலாமா? பலகையில் நன்றாகக் காய்ந்து வந்தவையும் உண்டு.

ஜேம்ஸ் பாண்டின் 'கோல்டன்ஐ' படம் 1995 நவம்பரில் வந்தது. இங்கிலாந்தின் ரேர் நிறுவனத்தில் ஒரு சிறு குழு அதைக் கேமாக்க உட்கார்ந்தது. பெரும்பாலோருக்கு அதுதான் முதல் கேம். வேலை இழுத்தது. படம் வந்து, தியேட்டரை விட்டுப் போய், 1997 ஆகஸ்டில்தான் கேம் வெளியானது. படத்தின் விளம்பர வெளிச்சமெல்லாம் அணைந்த பிறகு வந்த அந்த கேம் 80 லட்சத்துக்கு மேல் விற்றது. நாலு பேர் ஒரே டிவி முன் உட்கார்ந்து ஒருவரையொருவர் சுடும் பகுதிதான் அதில் எல்லோருக்கும் உயிர். அது முதலில் திட்டத்திலேயே இல்லை. கடைசி ஆறேழு மாதத்தில் சேர்த்தது. படம் வந்த நாளிலேயே கேமும் வந்திருந்தால் அந்தப் பகுதி இருந்திருக்காது.

ரிட்லி ஸ்காட்டின் 'ஏலியன்' 1979-இல் வந்த படம். அதன் உலகத்தில் நடக்கும் 'ஏலியன்: ஐசொலேஷன்' கேம் வந்தது 2014-இல், முப்பத்தைந்து வருடம் கழித்து. அந்தப் படத்தின் பயம், ஒளிந்திருக்கும் பயம். கேமிலும் நாம் செய்யும் வேலை ஒளிந்துகொள்வதுதான். நிரலுக்குள் இரண்டு மூளை வைத்தார்கள். ஒன்றுக்கு நாம் இருக்கும் இடம் எப்போதும் தெரியும். ஆனால் அது நம்மைத் தேடும் வேற்றுக்கிரக மிருகத்திடம் 'அந்தப் பக்கம் போய்ப் பார்' என்று பட்டும் படாமல் ஜாடை காட்ட மட்டுமே செய்யும். மிருகத்தின் மூளைக்கு நாம் இருக்கும் இடம் தெரியாது. கண்ணாலும் காதாலும் தேடித்தான் கண்டுபிடிக்கவேண்டும். அதனால் அது ஏமாற்றுவதாகவும் தோன்றாது, நம்மை மறந்துபோவதும் இல்லை. கண்ணாமூச்சி ஆட்டத்தில் பெரிய அக்கா ஒருத்தி தேடுகிறவனுக்குக் கண்ணைக் காட்டுவாளே, அப்படி.

காலம் மட்டும் போதும் என்றும் சொல்லிவிட முடியாது. 2004-இல் 'ஸ்பைடர்மேன் 2' கேம் படத்தோடு அதே வாரத்தில் வந்தும் பெயர் வாங்கியது. முதல் பாகத்தின் கேமில் நாயகன் விடும் நூல் எங்கே ஒட்டுகிறது என்று பார்த்தால் வானத்தில்! இரண்டாவதில் நூல் நிஜக் கட்டடத்தில்தான் ஒட்டும். கட்டடம் இல்லையென்றால் ஊசலும் இல்லை. ஆலமர விழுதில் ஆடிய எவருக்கும் தெரியும், கீழே வரும்போது வேகம், மேலே போகும்போது உயரம், எந்தக் கணத்தில் கையை விடுகிறோமோ அதைப் பொறுத்து எங்கே போய் விழுவோம் என்பது. அந்த ஊசல் விதியை நகரம் முழுவதுக்கும் பொருத்தினார்கள். கதையை மறந்துவிட்டு சும்மா ஊசலாடிக்கொண்டே இருந்தவர்கள் ஏராளம். முதல் பாகம் வந்த 2002-இலிருந்தே அடுத்தது வரப்போகிறது என்று தெரியும். இரண்டு வருட அவகாசம். அந்தப் படத்தைப் பார்த்தவனுக்கு வரும் ஆசை, தானும் அப்படி ஆடவேண்டும் என்பது. கேம் அந்த ஒன்றைத்தான் பிடித்தது.

படம் நம்மைப் பார்க்கவைக்கிறது, கேம் செய்யவைக்கிறது. படத்தில் பார்த்து எதைச் செய்ய ஆசைப்பட்டோமோ அதைக் கேமில் கை செய்கிறதா? செய்கிறது என்றால் பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது.

கையிலிருக்கும் பீங்கான்

பட்டறையை விட்டுக் கிளம்பும்போது மருமகன் போனைப் பார்த்துக்கொண்டே வந்தான். "உன் போனுக்குள்ளேயும் பீங்கான் இருக்கு தெரியுமா?" என்றேன். நம்பவில்லை.

ஒரு ஸ்மார்ட்போனுக்குள் ஆயிரத்துக்கு நெருக்கமாகப் பீங்கான் மின்தேக்கிகள் இருக்கும். பெயரிலேயே வேலை இருக்கிறது: மின்சாரத்தைத் தேக்குவது. பல, கடுகைவிடச் சின்னவை. போனின் செயலி திடீரென்று கூடுதல் மின்சாரம் கேட்கும். தூரத்து பேட்டரியிலிருந்து அது வந்துசேரச் சில கணம் ஆகும். அந்தக் கணத்தைச் சமாளிக்கப் பக்கத்திலேயே சின்னச் சின்னத் தொட்டிகள். ஊருக்கு வீராணம் ஏரி இருந்தாலும் மாடியில் ஒரு தொட்டி வைத்துக்கொள்வது போல. 16.7 மில்லி நொடிக்குள் படம் வரைகிற வேலையெல்லாம் இந்தத் தொட்டிகளின் தயவில் நடக்கிறது.

அவற்றைச் செய்யும் விதத்தைக் கேட்டால் அந்த அக்காவுக்குப் புதிதாக எதுவும் இருக்காது. பேரியம் டைட்டனேட் என்ற பீங்கான் தூளைக் குழம்பாக்கி, காகிதத்தைவிடப் பல மடங்கு மெல்லிய ஏடாகப் பரப்பி, காயவைத்து, மேலே உலோகப் பூச்சு அச்சடித்து, நூற்றுக்கணக்கான ஏடுகளை அடுக்கி அழுத்தி, துண்டு போட்டு, ஆயிரம் டிகிரிக்கு மேல் சுடுகிறார்கள். சூளையில் இதுவும் சுருங்கும். பீங்கான் ஏடும் உலோக ஏடும் ஒரே அளவு சுருங்காவிட்டால் இதிலும் விரிசல். பிள்ளையாரின் காதுக்கும் தொப்பைக்கும் உள்ள அதே தகராறு, மயிரிழையைவிட மெல்லிய அளவில். பக்கத்து நெய்வேலிச் சுரங்கத்தில் நிலக்கரிக்கு மேலிருந்து வெட்டியெடுக்கும் களிமண்ணும், இந்த ஊரில் சுட்டெடுக்கும் பொம்மையும், போனுக்குள்ளிருக்கும் கடுகும் ஒரே குடும்பம். எந்தச் சூளையிலும் அவசரம் செல்லாது.

வாங்கலாமா?

பஸ்ஸில் அவனுக்குச் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். படம் எத்தனை கோடி வசூலித்தது என்பது கேமைப் பற்றி எதுவும் சொல்லாது. கேம் எப்போது தொடங்கப்பட்டது, படத்தின் தேதிக்காக ஓடிவந்ததா, தனக்கான நேரத்தை எடுத்துக்கொண்டதா என்று பார். விளம்பரத்தில் காட்டுவது படத்தின் காட்சியா, ஆடும் காட்சியா என்று பார். ஆடும் காட்சியே இல்லாவிட்டால், காட்ட எதுவும் இல்லை என்று அர்த்தம். முதல் நாள் வாங்காதே. ஒரு மாதம் போகட்டும். ஆடியவர்கள் சொல்வது காதில் விழும், விரிசல்களுக்குத் திருத்தம் வரும், விலையும் பெரும்பாலும் இறங்கும். கம்ப்யூட்டரில் ஆடுவதாக இருந்தால் ஸ்டீம் கடையில் ஒரு வசதி உண்டு: வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால், பணத்தைத் திரும்பக் கேட்கலாம். அந்த இரண்டு மணி நேரம்தான் உன் கன்னம்.

பொறுமையாகத் தலையாட்டினான். ஆனால் அதே படத்துக்குப் போனில் ஆட ஒரு சின்ன இலவச கேமும் விட்டிருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே மணிமுத்தாறு போய்க்கொண்டிருக்க, அதை இறக்கி ஆடத் தொடங்கிவிட்டான். நாயகன் ஓடினான், சுவரில் முட்டிக்கொண்டு நின்ற இடத்திலேயே ஓடினான், விளம்பரம் வந்தது, மறுபடி ஓடினான். கால் மணி நேரம் ஆகியிருக்கும். போனைத் திருப்பி, அந்த அக்கா செய்தது போலவே கன்னத்தில் ஒரு நொடி வைத்துப் பார்த்தான்.

"என்னடா?"

"சுடுது மாமா. இது காயவே இல்ல, நேரா வேகவெச்சுட்டாங்க."

நல்லூர் வந்து இறங்குவதற்குள் அதை அழித்துவிட்டான். ஐயாயிரம் ரூபாய்ப் பேச்சு இன்னும் ஒரு மாதத்துக்கு வராது.